ஜோசலின் பெல் பர்னலின் வாழ்க்கையை நம் மாணவிகளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

கொட்டகலை ஆசிரியை:

எங்கள் பாடசாலையில் ஜூன் மாத இறுதியில் விஞ்ஞான தினம் நடைபெறவிருக்கிறது. தரம் எட்டு முதல் பதினொன்று வரையுள்ள மாணவிகளிடம் இருபது நிமிடங்கள் பேசும் பொறுப்பை அதிபர் எனக்குத் தந்திருக்கிறார். வானியற்பியலாளர் ஜோசலின் பெல் பர்னலைப் பற்றிப் பேசுவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்கே தெளிவில்லை. அவரைப் பற்றி நான் வாசித்தவற்றுள் பெரும்பாலானவை, பல்சர் எனப்படும் துடிப்பு விண்மீன்களைக் கண்டுபிடித்தவர் அவர், நோபல் பரிசோ அவருடைய மேற்பார்வையாளருக்குப் போயிற்று என்று தொடங்கி, அந்த இடத்திலேயே முடிந்தும் விடுகின்றன. 1943 இல் பிறந்து, எண்பது வயதைக் கடந்தும் அறிவியலுக்காகப் பேசிவரும் ஒரு பெண்ணின் வாழ்க்கை 1974 ஆம் ஆண்டின் ஓர் அறிவிப்புக்குள் அடங்கிவிடுமா?

என் மாணவிகளில் பலர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவர்கள். தமக்குக் கிடைக்காமற் போனவற்றின் பட்டியலைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்களிடம் இன்னொரு பறிபோன கதையைக் கொண்டுபோய் வைப்பதா, அல்லது அந்தப் பெண் நாள்தோறும் என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்வதா? இங்குள்ள ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவரும் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

மாத்தளையான்:

டீச்சர், பரிசைப் பற்றிச் சொல்லாமல் தொடங்கினால் அது உண்மையை மறைப்பதாகிவிடும். 1974 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு மார்ட்டின் ரைலுக்கும் ஜோசலினின் மேற்பார்வையாளரான அன்ரனி ஹியூயிஷுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பல்சர்களின் கண்டுபிடிப்பில் ஹியூயிஷ் ஆற்றிய தீர்மானகரமான பங்குக்காக என்று பரிசுக் குறிப்பிலேயே எழுதினார்கள். பல்சரின் சமிக்ஞையைப் பதிவுத் தாளில் முதலில் கண்ட கண்கள் யாருடையவை? அது குறுக்கீடு, மனிதர் எழுப்பிய இரைச்சல் என்று மற்றவர்கள் சொன்னபோது விடாமல் நின்றவர் யார்? அக்காலத்தில் பெரும் பெயர் பெற்றிருந்த வானியலாளர் பிரெட் ஹொய்லே இது குறித்துப் பகிரங்கமாகக் கண்டனம் தெரிவித்தார்.

ஆய்வு மாணவருக்கு நோபல் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். 1993 இல் ரஸ்ஸல் ஹல்ஸுக்கும் ஜோசப் டெய்லருக்கும் பௌதிகவியல் நோபல் கொடுத்தார்கள். ஒன்றையொன்று சுற்றும் இரட்டைத் தொகுதியில் ஒரு பல்சரை 1974 இல் கண்டுபிடித்தமைக்கான பரிசு அது. கண்டுபிடித்தபோது ஹல்ஸ் யார்? டெய்லரின் ஆய்வு மாணவர். பெல் பர்னல் திறந்துவிட்ட துறையிலேயே, அவருக்கு மறுத்ததை இன்னொரு மாணவருக்கு வழங்கினார்கள். இதை நம் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும்.

பழைய கணக்கப்பிள்ளை:

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்து நான்கு வருடம் செக்ரோல் என்ற வேலை, கூலிப் பதிவேட்டை எழுதியவன். விண்மீன்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பேர் போடுவதைப் பற்றித் தெரியும்.

இளையவர்கள் சிலர் அறியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த கிலோ நிறைவில்லாவிட்டால் அரைப்பேர். கூலியை நாங்கள் பேர் என்ற சொல்லாலேயே எண்ணினோம். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது நான் ஒருமுறை தவறு செய்தேன். ஒரு பெண்ணின் நிறையை அடுத்த பெண்ணின் வரியில் எழுதிவிட்டேன். மாத முடிவில் அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்று, எந்த நாள், எந்த மலை, எத்தனை கிலோ என்று மூன்றையும் பிசகாமல் சொன்னார். புத்தகத்தைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் அந்த மாதம் முழுவதும் அவர் அதை மனத்தில் சுமந்துகொண்டு மலைக்குப் போயிருக்கிறார் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே மாத்தளைத் தம்பி சொல்வது எனக்கு விளங்குகிறது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்த அம்மையாரின் பேர் புத்தகத்தில் விழவே இல்லையா, அல்லது பேர் விழுந்து கூலி மட்டும் வேறிடத்துக்குப் போயிற்றா? இரண்டும் வெவ்வேறு குற்றங்கள்.

ஊவா வானம்:

கணக்கப்பிள்ளை ஐயாவின் கேள்வி மிகச் சரியான கேள்வி. நான் பண்டாரவளையில் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்.

பெயர் விழுந்தது. 1968 பெப்ரவரி 24 ஆம் திகதி 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரையில் ஐந்து பேர் கையொப்பமிட்டிருந்தனர். முதலில் ஹியூயிஷ், இரண்டாவதாக பெல், அதன்பின் மூன்று சக ஆய்வாளர்கள். எனவே பெயரை அழித்துவிட்டார்கள் என்று மாணவிகளிடம் சொல்லக் கூடாது. இரண்டாம் பெயரைத் தாண்டிப் பரிசு சென்றது என்பதே சரியான கூற்று.

அவரே இதைப் பற்றி என்ன கருதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1977 இல் ஒரு விருந்துரையில், மிக அரிதான சந்தர்ப்பங்களைத் தவிர ஆய்வு மாணவர்களுக்கு நோபல் வழங்குவது அப்பரிசின் மதிப்பைக் குறைக்கும் என்றும், தம்முடையது அத்தகைய அரிய சந்தர்ப்பம் என்று தாம் நம்பவில்லை என்றும் அவர் கூறினார். ஓர் ஆய்வு தோல்வியுற்றால் அதன் பொறுப்பு மேற்பார்வையாளரையே சேரும் என்பதும் அவருடைய வாதங்களில் ஒன்று. எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர் தாமே வைத்த வாதத்தை விட்டுவிட்டு அவருக்காக நாம் வழக்காடுவது முறையாகாது.

ஹியூயிஷின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லுங்கள். அந்தத் தொலைகாட்டியை வடிவமைத்தவர் அவர். சூரியனிலிருந்து கோள்களிடை வெளியில் பரவும் துகள்களான சூரியக் காற்றினூடாக வரும்போது, மிகத் தொலைவிலுள்ள குவாசர் போன்ற, மிகச் சிறிதாகத் தோன்றும் வானொலி மூலங்கள் மினுமினுக்கும், அகன்ற மூலங்கள் மினுமினுக்கா என்ற கருத்தை வைத்து அந்த ஆய்வைத் திட்டமிட்டவரும் அவரே. விண்மீன்கள் கண்சிமிட்ட, கோள்கள் நிலையாக ஒளிர்வதை நாம் காண்கிறோம் அல்லவா, அதைப் போன்றதே இது.

மஸ்கெலியா மாணவி:

சேர், டீச்சர், எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் பெண்கள் மூவர் மட்டுமே. விஞ்ஞானப் பிரிவு எங்கள் ஊர்ப் பாடசாலையில் இல்லாததால் நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறேன்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் நான் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. பெறுபேறு வந்த நாளில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் எதுவுமே பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பெல் பர்னலும் அந்த வயதில் ஒரு பரீட்சையில் தோற்றவர் என்று எங்கோ வாசித்தேன். அது உண்மையா? உண்மையென்றால் டீச்சர் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஊவா வானம்:

உண்மைதான் மகளே. பிரித்தானியாவில் அக்காலத்தில் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு நடத்தி, அதன்படி அவர்களை இருவகைப் பாடசாலைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். வட அயர்லாந்தின் லேர்கன் என்ற ஊரில் வளர்ந்த ஜோசலின் அதில் சித்தியடையவில்லை.

அவ்வூர்ப் பாடசாலையில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். ஒரு நாள் மாணவரைப் பிரித்து, ஆண் பிள்ளைகளை விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கும் பெண் பிள்ளைகளைச் சமையல் வகுப்புக்கும் அனுப்பினார்கள். ஜோசலின் வீட்டுக்கு வந்து சொன்னதும் பெற்றோர் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். அடுத்த விஞ்ஞான வகுப்பில் மூன்று பெண் பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். அந்தத் தவணைப் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர் ஜோசலின்.

பின்னர் அவரை இங்கிலாந்தின் யோர்க் நகரிலிருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பெண்கள் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த முதிய பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர், ஏராளமான தரவுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, சில அடிப்படைகளைப் பற்றிக்கொண்டு அவற்றிலிருந்து கட்டியெழுப்பினால் போதும் என்று காட்டியதைத் தம் வாழ்வின் திருப்பமாக அவர் நினைவுகூர்கிறார். நாற்பது வருடம் அதே பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பெயர் பெரிதும் அறியப்படாத ஆசிரியருக்கு நான் மனதாரக் கைகூப்புகிறேன்.

தந்தை ஒரு கட்டடக் கலைஞர். ஆர்மா கோளரங்கத்தின் வடிவமைப்பில் பங்குகொண்டவர். அதனால் அங்கிருந்த வானாய்வகத்தாரோடு சிறுமிக்குப் பழக்கம் ஏற்பட்டது. இரவில் விழித்திருக்கத் தம்மால் முடியாதே, தாம் எப்படி வானியலாளராவது என்று கவலைப்பட்டவருக்கு, வானொலி அலைகளைக் கொண்டு பகலிலும் வானத்தை ஆராயலாம் என்ற செய்தி பெரும் ஆறுதலாக இருந்தது.

மஸ்கெலியா மாணவி:

மிக்க நன்றி சேர். கிளாஸ்கோவில் அவர் படித்த காலம் பற்றியும் வாசித்தேன். பௌதிகவியல் சிறப்புப் பட்ட வகுப்பில் ஏறக்குறைய ஐம்பது பேருக்கிடையில் ஒரே பெண்ணாக இருந்தாராம். பெண் ஒருத்தி விரிவுரை மண்டபத்துக்குள் வரும்போது ஆண்கள் காலால் தரையைத் தட்டிச் சீழ்க்கையடிப்பது அங்கு வழக்கமாம். முகம் சிவக்காமல் இருக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். நான் வாசிப்பதை நிறுத்தி, சற்று நேரம் வெளியே நின்றுவிட்டு வந்துதான் மீதியை வாசித்தேன்.

1965 இல் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது தம்மைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள், தமக்கு அவ்வளவு அறிவில்லை என்பதைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சினாராம். அனுப்பும் நாள் வரை முழுமூச்சாக வேலை செய்வோம், அப்போதுதான் நம்மால் முடிந்ததைச் செய்யவில்லை என்ற குற்றவுணர்வு இருக்காது என்று முடிவு செய்தாராம். நகரத்துப் பாடசாலைக்கு வந்த முதல் தவணை முழுவதும் எனக்கு அதே எண்ணம்தான் இருந்தது. அப்படி நினைப்பவள் நான் ஒருத்தி மட்டுமே என்று நினைத்திருந்தேன்.

கொட்டகலை ஆசிரியை:

மகளே, நீ எழுதியதை மூன்று முறை வாசித்தேன். என் உரையின் மையம் எது என்பது இப்போது தெரிகிறது. அந்த அச்சமே அவரை ஒவ்வொரு அங்குலத் தாளையும் பார்க்க வைத்தது. துணிச்சல்காரர் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்தச் சிறு கீறலை ஒதுக்கிவிட்டுக் கடந்து போயிருக்கலாம்.

அந்த வேலையின் விபரங்களை ஊவா சேர் எழுதித் தருவாரா?

பதுளைத் தாய்:

ஆசிரியையிடம் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க அனுமதிக்க வேண்டும். அச்சத்தைப் புகழ்ந்துவிடாதீர்கள். நான் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவள். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒவ்வொரு முடிவையும் நான்கு முறை சரிபார்த்தேன். என் பக்கத்திலிருந்தவர்கள் ஒருமுறை சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பிள்ளை பிறந்தபோது அந்த நான்கு மடங்கு உழைப்பைத் தொடர முடியாமல் வேலையை விட்டேன். பயம் சிலரைக் கவனமுள்ளவராக ஆக்குகிறது என்பது மெய். எத்தனை பேரைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளுகிறது என்பதை எவரும் எண்ணுவதில்லை. பெல் பர்னல் தப்பியவர். தப்பியவரின் அச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு, பயப்படுவது நல்லது என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

கொட்டகலை ஆசிரியை:

அக்கா, நீங்கள் சொல்வது சரி. என் வாக்கியத்தை மாற்றிக்கொள்கிறேன். அச்சம் இருந்தது, அதோடு வேலையும் இருந்தது, வேலை நின்றுவிடவில்லை என்று மட்டும் சொல்வேன்.

ஊவா வானம்:

டீச்சர் கேட்ட விபரங்களைத் தருகிறேன். சற்று நீளமாகும், பொறுத்தருள வேண்டும்.

அவருடைய முதல் இரண்டு ஆண்டுகள் தொலைகாட்டி கட்டுவதிலேயே கழிந்தன. தொலைகாட்டி என்றதும் வில்லையும் குழாயும் மனத்தில் வரும். இது நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரக்கம்பங்களை நட்டு, அவற்றினிடையே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறு அன்டெனாக்களைக் கட்டி, ஏறக்குறைய 120 மைல் நீளமான கம்பியாலும் வடத்தாலும் இணைத்த ஒரு பெரும் பந்தல். 81.5 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் வரும் அலைகளை அது வாங்கியது. அரை டசின் பேர் சேர்ந்து கட்டினார்கள். ஆய்வு மாணவியான ஜோசலினும் சம்மட்டி பிடித்தார். படிப்பு முடிவதற்குள் தம்மால் அந்தச் சம்மட்டியைச் சுழற்ற முடிந்தது என்று அவர் பெருமையோடு சொல்வதுண்டு.

1967 ஜூலையில் தொலைகாட்டி இயங்கத் தொடங்கியது. அதை இயக்குவதும் தரவுகளை ஆராய்வதும் அவர் ஒருவரின் பொறுப்பு. கணினி கிடையாது. பேனா முனைகள் ஓடும் தாளில் வானம் கோடுகளாகப் பதிவாகும். நாளொன்றுக்கு 96 அடித் தாள். வானம் முழுவதையும் ஒருமுறை பார்த்து முடிக்க நான்கு நாள், அதாவது ஏறக்குறைய 400 அடித் தாள். அரை ஆண்டில் மூன்று மைலுக்கு மேல். அத்தனையையும் கண்ணாலேயே பார்த்து, எது குவாசரின் மினுமினுப்பு, எது அருகில் போகும் வாகனத்தின் இரைச்சல் என்று பிரித்தறிய வேண்டும்.

சில வாரங்களுக்குப் பின் ஒரு கீறல் தென்பட்டது. ஓர் அங்குலத்துக்கும் குறைவான இடம். மினுமினுப்பு மூலத்தைப் போலவும் இல்லை, பூமியின் இரைச்சலைப் போலவும் இல்லை. இதை எங்கோ முன்பே பார்த்திருக்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. பழைய தாள்களைத் தேடி எடுத்து விரித்தார். ஆகஸ்ட் 6 ஆம் திகதித் தாளிலும் வானத்தின் அதே பகுதியிலிருந்து அதே கீறல். அவருடைய பெயர் நிலைத்ததற்கு இந்த நினைவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

இங்கே மாணவிகளுக்கு ஒன்றை விளக்க வேண்டியிருக்கும். இன்று இரவு எட்டு மணிக்கு எதிர்மலை முகட்டில் எழும் விண்மீன் நாளை 7.56 க்கே எழும். நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் முந்தும். ஒரு மாதத்தில் இரண்டு மணித்தியாலம். டிப்போ பஸ்ஸோ தொழிற்சாலைச் சங்கோ கடிகாரத்தைப் பார்த்து வரும். விண்மீன் அப்படி வராது. அந்தக் கீறல் விண்மீன்களின் நேரத்தைப் பின்பற்றியது. ஆகவே அது அயலில் ஓடும் ஏதோ இயந்திரம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

இன்னும் விரிவாகப் பதிவு செய்ய, தாள் வேகமாக ஓடும் கருவி தேவைப்பட்டது. நவம்பரில் நாள்தோறும் வானாய்வகத்துக்குப் போய்க் காத்திருந்தார். வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. ஒரு நாள் மட்டும் விரிவுரை ஒன்றுக்காகப் போகாமல் விட்டார். அன்று அது வந்து போயிருந்ததை வழக்கமான பதிவு காட்டியது! நவம்பர் 28 இல் பிடிபட்டது. பேனாவின் அடியில் தாள் ஓட ஓட, ஒரே இடைவெளியில் துடிப்புகள் விழுந்தன. இடைவெளி 1.337 செக்கன்.

தொலைபேசியில் கேட்ட ஹியூயிஷ், அப்படியானால் அது மனிதர் செய்ததாகவே இருக்கும் என்றார். மறுநாள் தாமே வந்து நின்று பார்த்தார், துடிப்பு மீண்டும் வந்தது. சந்திரனில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையா, விசித்திரமான பாதையில் சுற்றும் செய்மதியா, தொலைகாட்டிக்குத் தெற்கே இருந்த பெரிய தகரக் கட்டடத்தின் விளைவா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கினார்கள். வேற்றுலகத்தார் அனுப்பும் சமிக்ஞையாக இருக்குமோ என்ற எண்ணமும் எழுந்தது. பச்சை நிறச் சிறு மனிதர்கள் என்று அதற்கு விளையாட்டாகப் பெயரும் வைத்தார்கள். கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை முடிக்கப் போராடும் நேரத்தில் இவர்கள் தம்முடைய அன்டெனாவையா தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஜோசலினுக்கு எரிச்சலாக இருந்ததாம்.

அந்த ஐயத்தைத் தீர்த்தவரும் அவரே. டிசம்பர் 21 ஆம் திகதி இரவு, வானத்தின் வேறொரு பகுதியின் தாளில் இன்னொரு கீறலைக் கண்டார். அந்தப் பகுதி தொலைகாட்டியின் பார்வைக்குள் வரும் நேரம் அதிகாலை இரண்டு மணி. கடுங்குளிர். குளிரில் கருவி ஒழுங்காக இயங்க மறுத்தது. மூச்சுக் காற்றால் ஊதிச் சூடேற்றி ஐந்து நிமிடம் மட்டும் இயங்க வைத்தார். அந்த ஐந்து நிமிடத்தில் துடிப்புகள் வந்தன, இம்முறை ஏறக்குறைய 1.2 செக்கன் இடைவெளியில். வானத்தின் இரு எதிர்ப்பக்கங்களிலிருந்து இரு வேற்றுலகத்தார் ஒரே நேரத்தில் பூமிக்குச் சமிக்ஞை அனுப்புவார்கள் என்று யாரால் நம்ப முடியும்? இது புதுவகை விண்மீன் என்பது அவருக்கு அன்றே உறுதியாயிற்று. ஜனவரி நடுப்பகுதிக்குள் மேலும் இரண்டைக் கண்டுபிடித்தார்.

மாத்தளையான்:

நான் பரிசை மட்டுமே பார்த்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன் சேர். அந்தக் குளிர் இரவைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் இதையெல்லாம் வாசித்த பின் என் கோபம் குறையவில்லை, கூடியிருக்கிறது. அந்தக் கட்டுரை வெளியானபின் செய்தியாளர்கள் வந்தபோது ஹியூயிஷிடம் வானியற்பியலைப் பற்றிக் கேட்டார்களாம். ஜோசலினிடம் அவருடைய உடல் அளவுகளையும், எத்தனை ஆண் நண்பர்கள் என்பதையும் கேட்டார்களாம். டீச்சர், இதைச் சொல்வீர்களா?

கொட்டகலை ஆசிரியை:

தரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் சொல்வேன். எட்டாம் தரத்தாரிடம், அவரிடம் அறிவியலைக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

பழைய கணக்கப்பிள்ளை:

சேர், அந்த விண்மீன் துடிக்கிறது என்றால் என்ன துடிக்கிறது? அதையும் எளிமையாகச் சொல்லிவிடுங்கள்.

ஊவா வானம்:

ஐயா, உண்மையில் அது துடிப்பதில்லை, சுழல்கிறது. பெரிய விண்மீன் ஒன்று எரிந்து முடிந்து வெடிக்கும்போது அதன் உட்கரு தன் மீதே இடிந்து விழுந்து, இலத்திரன்களும் புரோத்தன்களும் நசுங்கி நியூத்திரன்களாகின்றன. சூரியனைவிட அதிகத் திணிவு, குறுக்களவோ இருபது கிலோமீற்றர் அளவு. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே நேர்கோட்டில் உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். இத்தகைய நியூத்திரன் விண்மீன் இருக்கக்கூடும் என்று வானியலாளர்களான பாடேயும் ஸ்விக்கியும் 1934 ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். ஆனால் 1967 வரை எவரும் கண்டதில்லை. அது சுழலும்போது அதன் காந்தத் துருவங்களிலிருந்து புறப்படும் வானொலிக் கற்றை, கலங்கரை விளக்கின் ஒளியைப் போல நம்மைக் கடந்து போகிறது. ஒவ்வொரு கடத்தலும் தாளில் ஒரு துடிப்பு.

முதல் பல்சர் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 45 முறை அப்படிக் கடக்கிறது. உங்கள் காலத்தில் காலையில் வேலை பிரித்துத் தரும் பிரட்டுக்கு அழைக்கத் தப்படித்திருப்பார்களே, அந்தத் தாளத்தைச் சற்று நிதானமாக அடித்தால் இந்த விண்மீனின் நடை வந்துவிடும். தப்படிப்பவரின் கை சோரும். இந்த விண்மீனோ கோடிக்கணக்கான துடிப்புகளுக்குப் பின்னும் மிகச் சொற்ப அளவே தாமதிக்கிறது.

பதுளைத் தாய்:

1968 க்குப் பிந்திய காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அதுவே முக்கியமான பகுதி.

அந்த ஆண்டிலேயே அவர் திருமணம் செய்துகொண்டார். கணவருக்கு உள்ளூராட்சிப் பணி, அடிக்கடி இடமாற்றம். அவர் போன இடமெல்லாம் இவரும் போனார். ஒவ்வோர் ஊரிலும் அருகிலிருந்த ஆய்வகத்துக்கு வேலை கேட்டுக் கெஞ்சி எழுத வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பல்சரைக் கண்டுபிடித்தவர் வேலைக்குக் கெஞ்சினார்! சவுத்தாம்ப்டனில் காமாக் கதிர் வானியல். 1973 இல் மகன் பிறந்தபின் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மல்லார்ட் விண்வெளி ஆய்வகத்தில் பகுதிநேரமாக எக்ஸ் கதிர் வானியல், ஏரியல் 5 என்ற செய்மதியின் தரவுகளோடு. 1982 முதல் எடின்பரோ அரச வானாய்வகம். அங்கு ஹவாய் மலையுச்சியில் அமைந்த ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் தொலைகாட்டிக்கான பொறுப்பு. ஒவ்வோர் இடமாற்றத்திலும் அலைநீளத்தையே மாற்றிக்கொண்டு, புதிய துறையை முதலிலிருந்து கற்றார். ஒரே துறையில் இருபது வருடம் தொடர்ந்து நின்றவர்களுக்குக் கிடைக்கும் உயர்வு அவருக்குக் கிடைக்கவில்லை. மறுபுறம், காமாக் கதிரிலிருந்து வானொலி வரை வானத்தை இத்தனை அலைநீளங்களில் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அந்த ஆண்டுகளில் அவர் விடாமல் செய்த இன்னொரு வேலை, 1973 இலிருந்து பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகக் கற்பித்தது. வேலைக்குப் போகும் பெண்கள், பிள்ளை வளர்ப்பவர்கள், இளமையில் படிப்பை விட்டவர்கள் அங்குதான் படித்தார்கள். 1991 இல் அதே பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியரானார். நானும் இப்போது நம் நாட்டின் திறந்த பல்கலைக்கழகத்தில் விட்ட பட்டத்தைத் தொடர்கிறேன். சனிக்கிழமை வகுப்புக்காக விடியற்காலையில் பஸ் ஏறும்போது, 48 வயதில் பேராசிரியரான அவரை நினைத்துக்கொள்வேன். டீச்சர், பாடசாலை மாணவிகளுக்கு 48 வயது மிகத் தொலைவில் தெரியும். அவர்களை அழைத்து வரும் அம்மாமார் பின்வரிசையில் அமர்ந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்காகவாவது இதைச் சொல்லுங்கள்.

ஊவா வானம்:

அம்மா, இதை எழுதியதற்கு நன்றி. பிற்காலத்தை ஒரு பத்தியில் சேர்க்கிறேன். 2002 முதல் 2004 வரை அரச வானியற் கழகத்தின் தலைவர். 2008 இல் பிரித்தானியாவின் பௌதிகவியல் நிறுவனத்தின் முதல் பெண் தலைவர். 2014 இல் எடின்பரோ அரச கழகத்தின் முதல் பெண் தலைவர். 2021 இல் லண்டன் அரச கழகத்தின் கொப்லி பதக்கம். அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர், முதலாமவர் 1976 இல் டொரத்தி ஹொட்ஜ்கின்.

2018 இல் அடிப்படைப் பௌதிகவியலுக்கான சிறப்புப் பிரேக்துரூ பரிசு, முப்பது இலட்சம் அமெரிக்க டொலர். அந்தத் தொகை முழுவதையும் பௌதிகவியல் நிறுவனத்திடம் ஒப்படைத்து, பெண்கள், சிறுபான்மை இனத்தவர், அகதிகள் போன்றோர் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் படிக்க உதவும் நிதியமாக்கினார். சிறுபான்மை நிலையில், ஒட்டாமல் வந்து நின்றதனால்தான் தாம் அத்தனை கவனமாக இருந்ததாகவும், அத்தகையோர் அறிவியலுக்குப் புதிதாக எதையேனும் கொண்டுவருவார்கள் என்றும் அவர் அதற்குக் காரணம் கூறினார்.

பழைய கணக்கப்பிள்ளை:

கூலி நாற்பத்து நான்கு வருடம் பிந்தி வந்தது. வந்ததை அவர் மற்றவர்களின் பேரில் எழுதிவிட்டார். என் புத்தகத்தில் அப்படி ஒரு வரியை நான் எழுதியதில்லை.

கொட்டகலை ஆசிரியை:

விஞ்ஞான தினம் முடிந்தது. இங்கு எழுதிய அனைவருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பரீட்சையில் தொடங்கினேன், மஸ்கெலியா மகள் கேட்டதைப் போல. பிறகு பேச்சை நிறுத்திவிட்டுத் தாளைக் காட்டினேன். கடையில் பற்றுச்சீட்டு அடிக்கும் தாள் சுருளை வாங்கி, பதினோராம் தர மாணவிகள் மூன்று நாட்களாக அதில் கோடுகள் வரைந்திருந்தார்கள். முப்பது மீற்றர், ஜோசலினின் ஒரு நாள் தாளின் அளவு. ஒத்த வடிவிலான கீறலை இரண்டு இடங்களில் மட்டும் நான் வரைந்திருந்தேன். மண்டபத்தின் நான்கு சுவரையும் சுற்றி ஒட்டினோம். ஒத்த கீறல்களைக் கண்டுபிடியுங்கள் என்று சொன்னோம்.

பத்து நிமிடத்துக்குள் பலர் சலித்து அமர்ந்துவிட்டார்கள். எட்டாம் தர மாணவி ஒருத்தி மட்டும் இடைவேளையிலும் போகவில்லை. கடைசியில் வந்து, மூன்று இருக்கின்றன டீச்சர் என்றாள். இரண்டுதான் என்றேன். அவள் என்னை அழைத்துப்போய்க் காட்டினாள். மூன்றாவது உண்மையாகவே இருந்தது. இரண்டு சுருள்கள் ஒட்டப்பட்ட இடத்தில், வரைந்தவளின் பேனா வழுக்கி, ஏறக்குறைய நான் வரைந்ததைப் போலவே விழுந்திருந்தது. ஆனால் இது மற்ற இரண்டையும் போல இல்லை, கோடு இங்கே முடிந்து மீண்டும் தொடங்குகிறது, அதனால் இதை நம்பலாமா என்று தெரியவில்லை என்றாள். நான் எதுவும் சொல்லாமல் நின்றேன்.

பரிசைப் பற்றிக் கடைசி இரண்டு நிமிடத்தில் சொன்னேன். மாத்தளைத் தம்பி, மண்டபம் முழுவதும் உங்களைப் போலவே கோபப்பட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து, அந்த அம்மாவுக்கு மகனைப் பார்த்துக்கொள்ள யாராவது இருந்தார்களா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊவா சேரிடம் ஒரு கேள்வி. அந்த எட்டாம் தர மாணவி, முதல் பல்சர் இருக்கும் இடத்தை வானத்தில் பார்க்க வேண்டும் என்று விடாமல் கேட்கிறாள். முடியுமா?

ஊவா வானம்:

இடத்தைப் பார்க்கலாம். ஆகஸ்ட் முதல் வாரத்தில், இரவு பத்து மணி கடந்ததும் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே, சற்று வடக்கே சாய்ந்திருக்கும். அபிசித்து (வேகா) விண்மீனிலிருந்து திருவோணத்துக்கு (அல்டேர்) ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் பாதியைச் சற்றுத் தாண்டினால் அந்த இடம். பைனாகுலர் இருந்தால், அதற்கு மிக அருகில் சட்டை மாட்டும் கொக்கியைப் போன்ற சிறு விண்மீன் கூட்டம் ஒன்று தெரியும். அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் உங்கள் பக்கம் தென்மேல் பருவ மழையும் மூடுபனியும் விடாது. எங்கள் ஊவாப் பக்கம் அப்போது வறட்சி, வானம் தெளிந்திருக்கும். விடுமுறையில் மாணவியைப் பெற்றோரோடு பண்டாரவளைக்கு அழைத்து வாருங்கள். என் வீட்டு முற்றத்திலிருந்து காட்டுகிறேன். அந்தப் பல்சர் எந்தப் பைனாகுலரிலும் தெரியாது, அந்தப் புள்ளி இருட்டாகவே இருக்கும் என்பதைப் புறப்படும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கொட்டகலை ஆசிரியை:

சொல்லிவிட்டேன் சேர். பரவாயில்லை, எந்த இடம் என்று தெரிந்தால் போதும் என்கிறாள்.